கைக்குட்டை போன வழி

முதல் நாள்: லண்டன், பார்க் தெரு

சின்ன வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் இரத்தத் திலகம் போட்டார்கள். அதில் சிவாஜியும் சாவித்திரியும் மேடையில் ஒத்தெல்லோ நாடகம் போடுகிற காட்சி ஒன்று வரும். வசனம் முழுக்க இங்கிலீஷ், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. எதற்கு அந்த ஆள் பொண்டாட்டியைக் கொல்கிறான் என்று அக்காவைக் கேட்டேன். அவள் அப்போது பிளஸ் டூ, வகுப்பில் கதையைச் சொல்லியிருந்தார்களாம். "அவ கைக்குட்டை காணாமப் போச்சு, அதான்" என்றாள். ஒரு கைக்குட்டைக்காகவா என்று அன்று முழுக்க எனக்கு மனசு ஆறவில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகும் ஆறவில்லை, அதனால்தான் வந்திருக்கிறேன். அக்கா ஈஸ்ட் ஹாமில் குடியிருந்து பதினாறு வருஷமாகிறது. அவளையும் இழுத்துக்கொண்டு லண்டனில் மூன்று நாள், அப்புறம் வெனிஸ், பதுவா. அந்தக் காலத்து மேடையில் பொறாமையையும் பழிவாங்கலையும் வைத்து எழுதப்பட்ட துன்பியல் நாடகங்கள் பிறந்த இடங்களையும், அந்தக் கதைகள் நடந்த ஊர்களையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தினமும் படுக்கும் முன் எழுதிப் போட்டுவிடுகிறேன்.

இன்று ரோஸ் அரங்கம். அரங்கம் என்று நினைத்துக்கொண்டு போனால் தேம்ஸுக்குத் தெற்கே ஓர் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். உள்ளே ஒரே இருட்டு, குளிர். கண் பழகியதும் கீழே கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது, அதில் சிவப்பு விளக்குக் கோடு ஒன்று வளைந்து கிடக்கிறது. மேடை இருந்த எல்லை அதுதான். 1587இல் பிலிப் ஹென்ஸ்லோ என்ற வியாபாரி கட்டிய அரங்கம் இது. 1989இல் கட்டடத்துக்காகத் தோண்டியபோது அடித்தளம் வெளிப்பட்டது. நடிகர்களும் பொதுமக்களும் அங்கேயே திரண்டு நின்று போராடியதால்தான் இடித்துத் தள்ளாமல் அதற்கு மேலே தூக்கிக் கட்டினார்கள். மண் காய்ந்து வெடித்துவிடக் கூடாது என்று இன்றுவரை தண்ணீருக்கு அடியிலேயே பாதுகாக்கிறார்கள்.

இந்த மேடையில்தான் தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானிஷ் டிராஜெடி' ஓடியது. 1580களின் கடைசியில் எழுதியது. பழிவாங்கும் நாடகம் என்ற வகைக்கே இங்கிலாந்தில் பிள்ளையார் சுழி போட்டது இதுதான். ஹைரோனிமோ ஒரு நீதிபதி. நடு இரவில் கூச்சல் கேட்டுத் தோட்டத்துக்கு ஓடி வருகிறான். பந்தலில் ஒரு பிணம் தொங்குகிறது. யாரோ என்று அறுத்து இறக்கிப் பார்த்தால் அவன் பெற்ற மகன். மகனின் ரத்தத்தில் ஒரு கைக்குட்டையைத் தோய்த்து எடுத்து, பழி தீர்க்கும் வரை இதைப் பிரியமாட்டேன் என்று மடியில் வைத்துக்கொள்கிறான். ஆக ஒத்தெல்லோவுக்கு முன்பே இந்தத் தெருவில் ஒரு கைக்குட்டை இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவனுக்குத் தன் மகனுக்கு நியாயம் கிடைக்கவில்லை. கொலை செய்தவர்களில் ஒருவனான, அரசனின் உறவுக்காரன் லொரென்சோ, அரசன் காதுவரை அவனைப் போகவிடாமல் மறித்துவிடுகிறான்.

லொரென்சோவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொலைக்கு உடந்தையாக இருந்த வேலைக்காரன் பெட்ரிங்கானோவை வைத்து இன்னொரு வேலைக்காரனையும் தீர்த்துக்கட்டி, இவன் பிடிபடும்படியும் செய்துவிடுகிறான். அப்புறம் ஒரு பையனிடம் சின்னப் பெட்டியைக் கொடுத்து, "உன் மன்னிப்பு ஆணை இதில் இருக்கிறது, தைரியமாக இரு என்று அவனிடம் சொல். ஆனால் திறந்து பார்க்காதே" என்று அனுப்புகிறான். பையன் வழியில் திறந்துவிடுகிறான். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தூக்குமேடைப் பக்கத்தில் நிற்கிறான் அந்தப் பிள்ளை. அங்கே பெட்ரிங்கானோ பெட்டியைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறான், தூக்குப் போடுகிறவனையே கேலி பண்ணுகிறான், கழுத்தில் கயிறு இறுகும் வரை நம்பிக்கொண்டே இருக்கிறான். பெட்டி காலி என்பது பையனுக்குத் தெரியும், பார்க்கிற கூட்டத்துக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு அந்தப் பையன்தான் கண்ணுக்குள் நின்றான். அக்கா குளிர் தாங்காமல் வெளியே போய்விட்டாள்.

இரண்டாம் நாள்: குளோப்

நேற்று சொன்ன பார்க் தெருவிலேயே பழைய குளோப் இருந்த இடமும் இருக்கிறது. 1599இல் கட்டியது, 1613 ஜூன் 29 அன்று நாடகம் நடக்கும்போதே பீரங்கிப் பொறி கூரையில் பட்டு எரிந்து போனது. இப்போது ஆற்றங்கரையில் நிற்பது 1997இல் திறந்தது. சாம் வனமேக்கர் என்ற நடிகர் பல வருஷம் அலைந்து அலைந்து கட்ட வைத்தார், திறப்பதைப் பார்க்காமலே 1993இல் போய்விட்டார். மேலே வைக்கோல் வேய்ந்த கூரை. 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதி கிடைத்த முதல் வைக்கோல் கூரை இதுதான்.

நாங்கள் எடுத்தது ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவுக்கு முற்றத்து டிக்கெட். மூன்று மணி நேரமும் நிற்க வேண்டும், தலைக்கு மேலே வானம்தான், மழை வந்தாலும் குடை பிடிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு பென்னி கொடுத்து நின்றவர்களின் இடம் இது. மேடை விளிம்பு என் நெஞ்சு உயரம், கை வைத்துக்கொள்ளலாம்.

தளபதி ஒத்தெல்லோவைக் கெடுக்கக் கிளம்பிய அவன் கீழதிகாரி இயாகோ வந்து நின்றது என் முகத்துக்கு நேரே நாலடி தூரத்தில். படிக்கும்போது எனக்கு உறைக்காத ஒன்று அங்கே உறைத்தது: அவன் ஒத்தெல்லோவிடம் பேசுவதைவிட நம்மிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறான். என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன், யார் காதில் எதை ஊற்றப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். ஓர் இடத்தில், 'என்னைப் பார்த்து அயோக்கியன் என்று எவன் சொல்வான்?' என்று கேட்கிறான், நல்ல யோசனைதானே சொன்னேன் என்கிறான். நடிகர் அதை என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் கண்ணைப் பார்த்துக் கேட்டார். அவர் சிரித்துவிட்டார். கூட்டமே சிரித்தது, நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சி. நாடகமே இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒத்தெல்லோவின் துணைத் தளபதி காஸியோ, ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுப் போவதைத் தூரத்தில் பார்த்து இயாகோ, 'ம்... இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று முனகுகிறான். என்ன சொன்னாய் என்று ஒத்தெல்லோ கேட்டால், 'ஒன்றுமில்லை பிரபு' என்கிறான். காஸியோ நாணயமானவன்தானே என்று கேட்டால், 'நாணயமா பிரபு?' என்கிறான். என்ன நினைக்கிறாய் என்றால், 'நினைப்பதா பிரபு?' என்கிறான். வாயைத் திறந்து ஒரு குற்றச்சாட்டுகூடச் சொல்வதில்லை. எதிராளி சொன்னதையே திருப்பிச் சொல்லி, பாதியில் நிறுத்திவிடுகிறான். மீதியை ஒத்தெல்லோ தன் மனசுக்குள் தானே எழுதிக்கொள்கிறான், அதுவும் இயாகோவால் சொல்ல முடிவதைவிடப் பத்து மடங்கு அசிங்கமாக. நம் ஊரில் இதற்கு வத்தி வைப்பது என்றே பெயர். வத்தி வைத்தவன் எரிய வேண்டியதில்லை.

அக்கா என் காதில், "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கிறவனுக்கு எங்க போச்சு புத்தி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. காரணம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது, உறவில் ஒருவர் என்னிடம் வந்து, "அம்மா கையில ரெண்டு வளையல் கிடக்குமே, இப்ப காணோமே" என்றார். யார் எடுத்தது என்று கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. உங்க அக்கா போன வாரம் வந்துட்டுப் போனா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீ எதுவும் கேட்டுக்காதே, பாவம் அவ மனசு கஷ்டப்படும்" என்றார். இவ்வளவுதான் நடந்தது. நான்கு வருஷம் அக்காவுடன் பேசாமல் இருந்தேன். வளையல்கள் வாய் விட்டுப்போனதால் பற்ற வைக்கக் கடையில் கொடுத்திருந்தார்கள், ரசீது அம்மாவின் மாத்திரை டப்பாவில் இருந்தது. அம்மா போய் வெகுநாள் கழித்துத்தான் அந்த டப்பாவைத் திறந்தேன்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். அந்தக் கைக்குட்டை. ஒத்தெல்லோ முதன்முதலாகக் கொடுத்த பரிசு, ஸ்ட்ராபெரிப் பழம் பூவேலை செய்தது. அது கீழே விழுகிறது, இயாகோவின் மனைவி எமிலியா எடுக்கிறாள். புருஷன் இதை எடுத்துத் தரச் சொல்லி நூறு தடவை கெஞ்சியிருக்கிறான், எதற்கென்று அவளுக்குத் தெரியாது, கொடுத்துவிடுகிறாள். அவன் அதைக் காஸியோவின் அறையில் போட்டுவிடுகிறான். இதுவரை அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்த காட்சியில் டெஸ்டிமோனா, 'அந்தக் கைக்குட்டையை எங்கே விட்டிருப்பேன் எமிலியா?' என்கிறாள். 'எனக்குத் தெரியாதம்மா.' இந்த ஒரு வரி. இன்று அந்த நடிகை இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்து மேசைமேல் கிடந்த எதையோ மடித்துக்கொண்டிருந்தார், அந்தத் துணியை நான்காக மடித்து ஓரத்தை நகத்தால் நீவி நீவிச் சரிசெய்தார். நேரே பார்க்கவே இல்லை. ஒரு பொய்யைச் சொல்வதற்கு ஒரு மனுஷிக்கு எவ்வளவு சின்ன வேலை போதுமாயிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது சின்தியோ என்ற இத்தாலியரின் 1565ஆம் வருஷத்துக் கதைத் தொகுப்பிலிருந்து. அதில் கைக்குட்டையைத் திருடுகிறவன் கொடிப்படை அதிகாரியான அந்த வில்லனேதான், தன் குழந்தையை டிஸ்டெமோனா தூக்கிக் கொஞ்சும்போது அவள் இடுப்பிலிருந்து உருவிவிடுகிறான். அவன் மனைவிக்கு எல்லாம் தெரியும். புருஷனுக்குப் பயந்து கடைசிவரை வாய் திறப்பதில்லை, எல்லாரும் செத்த பிறகு கதை சொல்ல மட்டும் மிஞ்சுகிறாள். ஷேக்ஸ்பியர் இதைத்தான் தலைகீழாக மாற்றினார். அவருடைய எமிலியாவுக்கு முன்னால் எதுவும் தெரியாது. தெரிந்த நிமிஷத்தில் பேசுகிறாள். புருஷன் வாயை மூடு என்கிறான், வீட்டுக்குப் போ என்கிறான், வாளை உருவுகிறான். 'நான் வீட்டுக்கே போகாமல் போனாலும் போகிறேன் இயாகோ' என்று சொல்லிவிட்டு முழுவதையும் சொல்லி முடித்து, அவன் குத்தில் செத்துப்போகிறாள். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, யாரும் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அப்புறம், எல்லாம் முடிந்து டெஸ்டிமோனா பிணமாகக் கிடக்கும்போது, ஒத்தெல்லோ காஸியோவிடம் கேட்கிறான், என் மனைவியின் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது என்று. என் அறையில் கிடந்தது என்கிறான் அவன். ஒரே கேள்வி, ஒரே பதில். சாவதற்கு முன் அவளே கெஞ்சினாள், அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று. தமிழில் கேட்பது என்றால் காதில் வாங்குவதும் கேட்பதுதான், விசாரிப்பதும் கேட்பதுதான். ஒத்தெல்லோ மூன்றாம் அங்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். கேட்க வேண்டியவனைக் கேட்கவில்லை.

1610இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்த நாடகத்தைப் பார்த்த ஹென்றி ஜாக்சன் என்பவர் லத்தீனில் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. டெஸ்டிமோனா எப்போதும் நன்றாகவே நடித்தாள், ஆனால் கொலையுண்டு படுக்கையில் கிடந்தபோது வெறும் முகத்தாலேயே நம்மை இரங்க வைத்தாள் என்று எழுதுகிறார். அந்த வேஷம் கட்டியது ஒரு பையன். 1660 வரை இங்கிலாந்தின் தொழில்முறை மேடையில் பெண்கள் இல்லை. ஜாக்சனோ அவள் என்றே எழுதுகிறார்.

மூன்றாம் நாள்: டெப்ட்ஃபோர்டு

இன்று கால் வலி, ஆனாலும் போனோம். லண்டனின் தென்கிழக்கே, தேம்ஸ் பக்கம், புனித நிக்கோலஸ் தேவாலயம். வாசல் தூண் இரண்டிலும் கல்லில் செதுக்கிய மண்டையோடும் எலும்பும். உள்ளே கல்லறைத் தோட்டத்துச் சுவரில் அந்தக் காலத்து நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவுக்கு ஒரு பலகை. கல்லறை எந்த இடம் என்பதற்கு அடையாளம் இல்லை. 1593 மே 30 அன்று இந்த ஊரில் ஒரு வீட்டில் இங்கிராம் ஃப்ரைசர் என்பவன் கத்தியால் குத்தி மார்லோ செத்தார். வயது 29.

நான் தேடி வந்தது மார்லோவைவிட முதல் நாள் சொன்ன தாமஸ் கிட்டுக்காக. இருவரும் ஒரு காலத்தில் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள். அதே மே மாதம் கிட்டின் அறையைச் சோதனை போட்டதில் மதத்துக்கு எதிரான தாள்கள் அகப்பட்டன. பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். அவை என்னுடையவை இல்லை, மார்லோவுடையவை, எழுதும்போது என் தாள்களோடு கலந்துவிட்டன என்றார் கிட். மார்லோவைப் பற்றி ரிச்சர்ட் பெய்ன்ஸ் என்ற உளவாளி எழுதிக் கொடுத்த குற்றப் பட்டியல் தனி. மாதக் கடைசியில் மார்லோ இல்லை. விடுதலையாகி வெளியே வந்த கிட்டை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, அடுத்த வருஷமே, 35 வயதில் போய்விட்டார்.

இந்த நாடகங்களில் ஒட்டுக்கேட்பவனும் கோள்மூட்டியும் எடுத்த கடிதமும் வைத்த தாளுமாக வருவதைப் பார்த்து, மேடைக்காக மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் அன்றாடம் வாழ்ந்தது அதற்குள்தான். மேடையில் ஹைரோனிமோ ரகசியத்தைச் சொல்ல மறுத்துத் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்புகிறான். அதை எழுதிய மனுஷன் வலி தாங்காமல் நண்பன் பெயரைச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுவரோரமாக அக்கா கொஞ்சம் நேரம் உட்கார்ந்தாள், புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம், திரும்பிவிட்டோம்.

நான்காம் நாள்: வெனிஸ்

காலை விமானம், மதியம் படகு. ஒன்றாம் எண் வாப்பொரெத்தோ பெருங்கால்வாய் முழுக்க நின்று நின்று போகிறது, நம் டவுன் பஸ் மாதிரி. சலூத்தே தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் ஒடுக்கமாக ஒரு வீடு வருகிறது, பால்கனிக் கைப்பிடியில் கல்லில் சக்கரம் சக்கரமாகச் செதுக்கிய வேலைப்பாடு. கொந்தாரினி ஃபாசான் மாளிகை, ஊர்வாயில் டெஸ்டிமோனா வீடு. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, ஆனாலும் படகில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள், நானும் பார்த்தேன், கண் கலங்கியது உண்மை.

சாயங்காலம் டோஜ் அரண்மனை, டோஜ் என்றால் வெனிஸின் ஆட்சித் தலைவர். முதல் அங்கத்தில் மகளை மந்திரம் போட்டு மயக்கிவிட்டான் என்று டெஸ்டிமோனாவின் அப்பா புகார் சொல்ல, ஒத்தெல்லோ சபை முன் நின்று, நான் எந்த மந்திரமும் செய்யவில்லை, என் கதையைச் சொன்னேன், அவள் கேட்டாள், அவ்வளவுதான் என்கிறானே, அந்தச் சபை இப்படிப்பட்ட கூடத்தில்தான் கூடியிருக்கும். டெஸ்டிமோனா அவன்மேல் ஆசை கொண்டதும் காதால்தான். அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அங்கே தைரியமாகச் சொன்னவனும் இவன்தான். சபையும் கூப்பிட்டுக் கேட்டது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அங்கே சுவரில் இருந்த ஒரு கல் முகம். வாயைத் திறந்த முகம், வாய் இருக்கும் இடத்தில் சீட்டுப் போடுகிற சந்து. சிங்கவாய் என்பார்கள். ஊரில் யார்மேலாவது புகார் இருந்தால் எழுதி இந்த வாயில் போட்டுவிடலாம், சுவருக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். கீழே 'ரகசியப் புகார்கள்' என்று செதுக்கியிருக்கிறார்கள். உதட்டோரம் கல் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எத்தனை கை பட்டிருந்தால் ஒரு கல் இப்படித் தேயும்.

ஐந்தாம் நாள்: வெனிஸ்

சான் ஜொவான்னி ஏ பாவோலோ தேவாலயம். உள்ளே வலப்பக்கம் மார்க்கந்தோனியோ பிரகதின் நினைவுச் சின்னம். சைப்ரஸ் தீவில் ஃபமகுஸ்தா கோட்டையைக் காத்த வெனிஸ் தளபதி. 1571இல் கோட்டை சரணடைந்த பிறகு துருக்கியர் அவரை உயிரோடு தோலை உரித்து, அதில் வைக்கோல் அடைத்து ஊர்வலம் விட்டார்கள். கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போன தோலைச் சில வருஷம் கழித்துத் திருடிக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்தச் சின்னத்தில் இருக்கும் தாழிக்குள் அந்தத் தோல்தான் இருக்கிறது.

ஒத்தெல்லோ காவலுக்குப் போவதும் அதே சைப்ரஸ்தான். நாடகத்தில் துருக்கிக் கப்பல்கள் புயலில் அழிந்துவிடுகின்றன, தீவு தப்பித்துவிடுகிறது. 1604இல் நாடகம் பார்த்த லண்டன்காரர்களுக்கு அந்தத் தீவு முப்பது வருஷம் முன்பே போய்விட்டது தெரிந்திருக்கும். வெளியே இருந்து வந்த எதிரி கடலில் மூழ்கிவிட்டான், இனி ஆபத்து கோட்டைக்கு உள்ளேதான் என்று முதல் காட்சிகளிலேயே கதவைச் சாத்திவிடுகிறார் ஷேக்ஸ்பியர்.

வேறு எதுவும் பார்க்கவில்லை. அக்காவுக்குத் தலைவலி.

ஆறாம் நாள்: பதுவா

நம் ஊர்க் கோடி அற்புதர் அந்தோனியாரின் பதுவை. வெனிஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். அக்காவுக்கு அந்தோனியார் கோயிலில் ஒரு வேண்டுதல், அதை முதலில் முடித்தோம்.

எனக்கு இங்கே இருந்த வேலை வித்தோரியா அக்கொரம்போனி என்ற பெண்ணோடு. ஜான் வெப்ஸ்டரின் 'வெள்ளைப் பிசாசு' நாடகம், 1612இல் அச்சானது, இவள் கதைதான். அதைக் கற்பனை என்று நினைத்துத்தான் பல வருஷம் முன்பு படித்தேன். ரோமில் ஒரு கார்டினலின் உறவுப் பையனுக்கு மனைவி. பிராச்சியானோ பிரபு பாவோலோ ஜொர்தானோ ஒர்சினி இவள்மேல் ஆசைப்படுகிறான். 1581இல் புருஷன் கொலை. இவள் சிறைக்குப் போகிறாள், வெளியே வந்து பிரபுவின் மனைவியாகிறாள். 1585இல் அந்தக் கார்டினலே போப்பாண்டவர் ஆகிவிட, இருவரும் வெனிஸ் ஆட்சிப் பகுதிக்கு ஓடி வருகிறார்கள். நவம்பரில் பிரபு சாகிறான். டிசம்பர் 22 இரவு, இந்த ஊரில், சொத்துத் தகராறில் லொதொவிக்கோ ஒர்சினி அனுப்பிய ஆட்கள் வீடு புகுந்து அவளையும் தம்பி ஃப்ளமினியோவையும் கொல்கிறார்கள். அவளுக்கு 28 வயது.

சொத்துத் தகராறை வெப்ஸ்டர் பழிவாங்கல் ஆக்கினார். அவர் மேடையில் சாவுகள் வந்து சேரும் விதமே தனி. பிரபுவின் முதல் மனைவி தினமும் படுக்கும் முன் புருஷனின் படத்தை முத்தமிடுவாள், படத்தின் உதட்டில் விஷம் தடவிவிடுகிறார்கள். பிரபுவுக்குத் தலைக்கவசத்தில் விஷம். எங்கே அன்பும் பழக்கமும் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் விஷத்தை வைக்கிறார்கள். வித்தோரியாவின் விசாரணைக் காட்சியை மட்டும் நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. வக்கீல் லத்தீனில் ஆரம்பிக்கிறான். உனக்கு லத்தீன் தெரியுமே என்கிறார்கள். எனக்குத் தெரியும், என் வழக்கைக் கேட்க வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருக்கலாம், எல்லாருக்கும் புரிகிற மொழியில் என்மேல் குற்றம் சொல்லுங்கள் என்கிறாள். அவள் ஒன்றும் குற்றமற்றவள் இல்லை. ஆனாலும் காதோடு காதாகவே எல்லாம் நடக்கிற இந்த நாடகங்களில், சத்தமாகச் சொல், எல்லாரும் கேட்கட்டும் என்று ஒரு பெண் நிமிர்ந்து நின்று கேட்பது எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம்.

வித்தோரியாவின் உடலைக் கிடத்தியிருந்த எரெமித்தானி தேவாலயத்துக்குப் போனோம். 1944 மார்ச்சில் குண்டு விழுந்து சுவரோவியங்கள் பெரும்பாலும் போய்விட்டன, திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அவளுக்கென்று அங்கே எதையும் நான் காணவில்லை.

பக்கத்திலேயே ஸ்க்ரொவேஞி சிற்றாலயம். ஜொத்தோ 1305 வாக்கில் வரைந்தது. 25 பேருக்கு மேல் விடமாட்டார்கள். உள்ளே போவதற்கு முன் கண்ணாடி அறை ஒன்றில் பதினைந்து நிமிஷம் அடைத்து வைக்கிறார்கள், வெளிக்காற்றின் ஈரமும் தூசியும் ஓவியத்தில் படாமல் இருக்க. அந்த அறையில் எல்லாரும் ஓடுகிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் வளையலில் ஒன்று அவள் கையில், இன்னொன்று என் கையில். ஐந்து நாளாகக் கேட்க நினைத்ததை அங்கே கேட்டேன்.

"நான் பேசாம இருந்தேனே, ஏன்னு உனக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியும். மாமா மகன் சொன்னான்."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல, எடுக்கலன்னு?"

"நீ கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம், "நானும் வீம்புக்கு இருந்துட்டேன்" என்றாள்.

கதவு திறந்தது, உள்ளே போனோம். நீல நிறத்தில் கூரை, அதில் பொன் நட்சத்திரங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் நேரே கீழ்வரிசைக்குப் போனேன். அங்கே சாம்பல் நிறத்தில், கல்லில் செதுக்கினது போல, நற்குணங்கள் ஏழும் தீக்குணங்கள் ஏழும் எதிரெதிராக நிற்கின்றன. அதில் பொறாமை ஒரு கிழவி. காலடியில் நெருப்பு எரிகிறது, அவள் நகரவில்லை. ஒரு கையில் பணப்பையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள், இன்னொரு கை எதையோ பறிக்க நீண்டிருக்கிறது. வாயிலிருந்து ஒரு பாம்பு வெளியே வருகிறது. வந்து, வளைந்து திரும்பி, அவள் கண்ணையே குறி வைக்கிறது. நாடகங்களுக்கு முந்நூறு வருஷம் முன்பே வரைந்த சுவர் இது. இயாகோ, தன்னை நம்பிப் பணத்தைக் கொட்டுகிற ரொட்ரிகோவிடம் 'பையில் பணத்தைப் போடு' என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஞாபகம் வந்தது.

அக்கா என் முழங்கையை இடித்தாள். "காதப் பாரு, எவ்வளவு பெருசு" என்றாள்.

ஆமாம், காது மனுஷக் காது இல்லை, முகத்தைவிடப் பெரிதாகப் பின்னால் நீண்டு கிடக்கிறது. எத்தனையோ படங்களில் இந்தக் கிழவியைப் பார்த்திருக்கிறேன், எப்போதும் பாம்பைத்தான் பார்த்தேன், காதைப் பார்த்ததில்லை. கிட்டப் போய் அதன் மடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. காவலாளி கையைக் காட்டினார், அடுத்த 25 பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.